கொஞ்சம் கெட்டியான தண்ணீர்

விடிந்ததும் மகளின் பாசிமணி மாலையைத் தேன் குப்பிக்குள் மெல்ல இறக்குகிறாள் பாகக்கா. மணிகள் சோம்பலாகச் சுருண்டு அடியில் படுக்கும்வரை பல்கூடத் துலக்குவதில்லை.

"ரொட்டிக்குத் தேன் இருக்கா, இல்ல அதுலயும் நகை குளிக்குதா?" என்கிறார் கணவர்.

"ஷாம்புல நேத்தே குளிச்சாச்சு. பேசாம வெண்ணெயத் தடவுங்க."

எதைக் கண்டாலும் பாகு பதம் பார்ப்பதால் ஆய்வுக்கூடத்தில் இளையவர்கள் வைத்த பெயர்தான் பாகக்கா. கணினிக்குள் ஒரு புரதச் சங்கிலியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது தானாக மடிந்து உருவம் பெற எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது அவள் தொழில். அந்தத் தண்ணீரும் வெறும் கணக்குதான். ஓர் எண்ணை மாற்றினால் கெட்டியாகும், இளகும். கெட்டியில் புரதம் ஊர்ந்து ஊர்ந்து மடியும். நீர்த்துப்போனால் விறுவிறுவென்று மடியும். திரையில் சங்கிலி இடப்பக்கம் வளைந்தால் இவள் தோளும் இடப்பக்கம் சாய்கிறது. புதிதாக வந்த காவலாளி, கழுத்துச் சுளுக்கு என்று நினைத்துத் தைலம் கொடுத்தார். "நல்ல கெட்டி" என்று பாராட்டி வாங்கிக்கொண்டாள்.

போன வெள்ளிக்கிழமை மானம் போகப் பார்த்தது. ஆய்வுக்கூடத்தின் ஒரே பெரிய கணினியில் அவள் முறை அன்று சாயங்காலத்தோடு முடிகிறது. புரதம் ஒரு தடவைகூட மடியவில்லை. மடியாவிட்டால் வருஷக் கணக்கான உழைப்பு அம்போ. அடுத்த முறைக்காரன், பக்கத்து அறை ஆய்வாளன், மத்தியானமே வந்து வாசலில் சாய்ந்துகொண்டான்.

"தண்ணிய நீர்க்க விடுங்கக்கா, ஓடிப்போய் மடிஞ்சுக்கும்."

நீர்க்க விட்டாள். சங்கிலி சுறுசுறுப்பானது. ஆசை யாரை விட்டது? குறைத்துக் குறைத்து, தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகம் வருமளவுக்குக் கொண்டுபோய்விட்டாள். சங்கிலி கிறுக்குப் பிடித்ததுபோல் ஆடியது. மடிகிற வழியாக இல்லை.

"என்னக்கா, கூத்தாடுது?"

"மடியறதுக்கு முன்னால ஒரு மேடு மாதிரி தடை இருக்கு. அதத் தாண்ட முட்டித் தள்ளிவிடறதும் தண்ணிதான், தாண்டினப்புறம் புடிச்சு உக்கார வைக்கிறதும் தண்ணிதான். நான் ரெண்டு பேரையும் வேலைய விட்டு அனுப்பிட்டேன்."

எண்ணைச் சற்றே கூட்டினாள். சங்கிலி நிதானித்தது. ஒரு முனை உள்ளே நுழைய, மறு முனை அதன்மேல் சாய, கச்சிதமாக மடிந்து அமர்ந்தது. வாசலில் சாய்ந்திருந்தவன் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"மடிஞ்சிருச்சுல்ல, எந்திரிங்கக்கா. என் முறை."

"தாராளமா உக்காருங்க தம்பி" என்றவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பேருந்தில் இடம் விடுவதுபோல் ஒதுங்கி, பாதி நாற்காலியைக் கையால் துடைத்துக் காட்டினாள்.