ஒட்டிக்கொண்ட தாள்கள்

நான் பர்மாவுக்குக் கப்பலேறியபோது என் மகளுக்கு இரண்டு வயது. காரைக்குடிப் பக்கத்து ஆட்கள் பலரையும் போல மூன்று வருடத் தவணைக்குக் கடை வேலைக்குப் போனேன். அவளுக்கு நாலு வயதானபின், மனைவியின் கடிதத்துக்குள் மகள் வரைந்த படங்களும் மடித்து வரத் தொடங்கின. கரித்துண்டிலும் காவிக்கட்டியிலும் மஞ்சளிலும் போட்டவை. கோழி, மாட்டுவண்டி, எங்கள் ஊரணி. ஊரணியில் தண்ணீர் இருக்காது. மீன் மட்டும் இருக்கும்.

ஒரு தாளில் மீசை வைத்த ஆள் ஒருவர். மூக்கு இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அது நான்தான் என்றும், அப்பச்சி மூக்கு எப்படி இருக்கும் என்று பிள்ளை கேட்டதற்குத் தனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றும் மனைவி எழுதியிருந்தாள். படித்துவிட்டுச் சிரித்தேன். பதில் எழுதும்போது அதை மறந்துபோனேன்.

படங்கள் கசங்கிவிடக்கூடாதென்று தடித்த நோட்டு ஒன்றில் சோற்றுக் கஞ்சி தடவி ஒட்டினேன். கற்பூரம் போட்டு பிஸ்கட் டப்பாவில் வைத்தேன். கடை மூடியதும் அதைப் புரட்டிப் பார்ப்பதுதான் எனக்கிருந்த ஒரே சந்தோஷம்.

மூன்றே நாள் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டதாகத் தந்தி வந்தது. என் இடத்துக்கு வேறு ஆள் வந்துசேர நான்கு மாதம் ஆயிற்று. அத்தனை நாளும் அடைமழை. டப்பாவைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஊர் வந்து சேர்ந்த அன்று மனைவி பயணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"புள்ள படமெல்லாம் கொண்டாந்தீகளா?"

அவளிடம் ஒரு படம்கூட இல்லை. எல்லாவற்றையும் எனக்கே அனுப்பியிருந்தாள். சுவரில் பிள்ளை கிறுக்கியிருந்ததைக்கூட, பார்த்துப் பார்த்து அழுவாளென்று உறவுக்காரர்கள் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டார்கள்.

டப்பாவைத் திறந்தேன். கஞ்சி ஈரத்தை இழுத்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. மேலே பூஞ்சை. பதற்றத்தில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். கோழி இரண்டாகக் கிழிந்தது.

"இழுக்காதீக" என்று நோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

வெயிலில் வைத்தால் மஞ்சள் வெளிறிவிடுமென்று நிழலிலேயே உலர்த்தினாள். பனையோலையை மெல்லிசாகச் சீவி, தாள்களுக்கு நடுவே விட்டு, நெல்மணி அளவு நெல்மணி அளவாகப் பிரித்தாள். பூஞ்சையை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பிடித்துக்கொள்வேன். இப்படிப் பதினோரு நாள்.

மீசைக்காரர் வெளியே வந்த அன்று, ஓலையைக் கீழே வைத்துவிட்டுத் தலை நிமிராமல் சொன்னாள்:

"மூக்கைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கலாமுல்ல. தபால்காரர் வாரப்பவெல்லாம் புள்ள ஓடி ஓடிப் போயி நின்னா."

நான் நோட்டைப் பிடித்தபடியே இருந்தேன்.

இருபத்திரண்டில் பதினான்கு தேறின. அவற்றை வெள்ளைத் துணிக்கு நடுவே பரப்பி, வசம்பு போட்டுத் தன் கல்யாணப் பெட்டியில் வைத்தாள். அடுத்த தவணைக்கு நான் கிளம்பியபோது ஒரே ஒரு படம் தரும்படி கேட்டேன்.

"அங்குட்டு மழை ஜாஸ்தி" என்றாள்.

மறுபடி நான் கேட்கவில்லை.