பால்மரத்து அளவு

மலாயாவில், ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், பெரிய துரையின் பங்களாவுக்கு முன்னால் இருந்த புல்தரையைக் கருக்கியவள் நான்தான். வேறு யார் மேலும் பழி போட மாட்டேன்.

அந்தப் புல்வேலை எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. என் மூத்த பெண்ணைப் பிள்ளைக் கொட்டகையில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலைக்காட்டில் களை வெட்டப் போவேன். ஒருநாள் காய்ச்சல் என்று ஆள் அனுப்பினார்கள். நான் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மகன் பிறந்ததும், இவனைக் கொட்டகையில் விடவே மாட்டேன் என்று, எங்களை வேலை வாங்கும் மண்டோரிடம் மல்லுக்கட்டித்தான் பங்களாவுக்கு வந்தேன். இங்கே மாமரத்தில் தூளி கட்டிக்கொள்ளலாம். பிள்ளை சிணுங்கினால் நாலு எட்டில் போய்ப் பால் கொடுக்கலாம்.

புல் மஞ்சளடித்துக் கிடக்கிறது, குளுவாங்கிலிருந்து விருந்தாளிகள் வருவதற்குள் பச்சையாக வேண்டும் என்றார் துரைசாணி. மண்டோர் கல்லுப்பு மாதிரி இருக்கும் வெள்ளை உரத்தில் ஒரு மூட்டை அனுப்பினார். மண்ணோடு கலந்து கொஞ்சமாகத் தூவச் சொல்லியிருந்தார். எனக்கா தெரியாது? பால்மரத்துக்கு உரம் போட்டுப் பழகிய கை. மரத்துக்கு ஒரு சிகரெட் டின். அதே டின்னை எடுத்து, நாலு எட்டுக்கு ஒரு டின் என்று வீசினேன். அதுவும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்த கையோடு, விடிந்தும் விடியாத பொழுதில். தோட்டத்தில் எந்த வேலையையும் அப்போதுதான் தொடங்குவோம். மரத்தடியில் உரம் மண்ணில் விழும். இங்கே பனியில் நனைந்த புல்லில் அப்படியே அப்பிக்கொண்டது.

மூன்றாம் நாள் பார்த்தால் தரை முழுக்க வைக்கோல். மண்டோர் வந்து தலையில் அடித்துக்கொண்டார். பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று எனக்காக இரக்கப்பட்டார். பூச்சி என்றால் அதற்கும் ஒரு மருந்தைக் கொட்டுவார்கள், மிச்சமிருக்கும் வேரும் போய்விடும். நான் நேரே துரைசாணியிடம் போனேன்.

"நாந்தாங்க ஒரத்த கூடுதலா போட்டுட்டேன். நானே சரி பண்ணிக் குடுத்துர்றேன்."

அவருக்குத் தோட்டத்துத் தமிழ் வரும். முகம் சிவக்க, மாதக் கடைசி வரைக்கும் பார்ப்பேன், தேறாவிட்டால் நீ மலைக்கே போ என்றார். விருந்துக்கு நாற்காலிகளைப் பங்களாவின் பின்பக்கம் போட்டார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது, என் மேலேயே.

உரம் கரைந்து கீழே இறங்கட்டும் என்று கிணற்றிலிருந்து வாளி வாளியாக ஊற்றினேன். செத்த புல்லுக்குப் பால் ஊற்றுகிறாயா என்று மண்டோர் கேலி பேசினார். பேசட்டும். அப்படியும் பிழைக்காத இடங்களில் மண்ணைச் சுரண்டிப் போட்டுவிட்டு, ஆற்றோரத்து மண்ணைக் கொட்டினேன். சாலையோரத்தில், தண்ணீர் ஓடும் கானை ஒட்டிப் படர்ந்து கிடந்த புல்லைக் கணு கணுவாகக் கிள்ளி வந்து, சாணுக்கு ஒன்றாக ஊன்றினேன். மகனை முதுகில் கட்டிக்கொண்டு குனிந்தே கிடந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. கொட்டகையை நினைத்தால் மறுபடியும் குனிந்துவிடுவேன்.

மாதக் கடைசியில் துரைசாணி வந்தார். புல் இன்னும் திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. குந்தி, நான் ஊன்றிய புல்லில் ஒன்றைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொன்றை இழுத்தார். அதுவும் வரவில்லை. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, தூளியில் இருந்தவனைப் பார்த்தார்.

"புள்ள நடக்கிற வரைக்கும் இங்க இரு."

அடுத்த மாதமே அவன் நடந்துவிட்டான், அந்தப் புல்லின் மேலேயே. மூன்று வயது வரைக்கும், துரைசாணியின் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வேன்.