நியாலாஸ், துருன்!

தொண்ணூறுகளில் மலாக்காவில் அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் நடந்தது. வார்டில் நின்ற ஆளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே விரிந்த காதுகள், அதே கரகரத்த குரல். எங்கள் ஊர் நியாலாஸுக்குப் போகும் பஸ்ஸில் பத்து வருடம் எங்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்த கண்டக்டர், வெள்ளைச் சட்டையில் பயிற்சித் தாதியாக நின்றார். பஸ் கம்பியைத் தட்டி நிறுத்தம் சொன்ன பழைய பழக்கம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு கட்டிலைக் கடக்கும்போதும் பேனாவால் கட்டில் கம்பியை இரண்டு தட்டுத் தட்டுவார்.

“டிக்கெட்டு கிழிச்ச ஆளு. இவருக்கு என்னா வைத்தியம் தெரியும்?” என்று அம்மா அவர் காதுபடவே சொன்னார்.

“படிச்சுக்கிட்டுதான்மா இருக்கேன்,” என்றார் அவர், கோபமே இல்லாமல்.

காலை ஊன்றி நடக்காவிட்டால் முட்டி மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மூத்த தாதிகளான மிஸிகள் கெஞ்சினார்கள், அதட்டினார்கள். பயத்தில் அம்மா மூன்று நாளாகக் கால் ஊன்றவில்லை.

நான்காம் நாள் அம்மா கட்டிலோரம் காலைத் தொங்கப்போட்டபடி கண்ணயர்ந்திருந்தார். கண்டக்டர் பக்கத்தில் வந்து கம்பியை டக் டக்கென்று தட்டினார்.

“நியாலாஸ்! துருன், துருன்! எறங்கறவங்கலாம் எறங்குங்க லா!”

அம்மா பதறிப்போய்க் கைப்பையைத் தேடிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார். நின்ற பிறகுதான் திகைத்தார். அதற்குள் கண்டக்டரின் கை அம்மாவின் முழங்கையைத் தாங்கியிருந்தது.

“மெதுவாம்மா. நீங்க எறங்குற வரைக்கும் பஸ்ஸு போவாது.”

பத்து வருடம் அந்தக் கையிடம் டிக்கெட் வாங்கியவன் நான். அந்தக் கையை அன்றுதான் பார்த்தேன்.