ஒரு காலின் கனம்

தண்டையார்பேட்டை குடோன்களுக்குப் பின்னால் இருக்கும் எழில்மொழியின் வீட்டைத் தேடி கிடார் வாசிப்பவர்கள் எங்கெங்கிருந்தோ வருவார்கள். காலால் மிதித்தால் கிடாரின் ஓசையைக் கரகரப்பாக மாற்றித் தரும் சின்ன இரும்புப் பெட்டி இருக்கிறதே, அந்தப் பெடலைப் பையிலிருந்து எடுத்து நீட்டி, "சுவிட்ச் சத்தம் போடுதுக்கா" என்பார்கள்.

அவள் உடனே வாங்கிவிட மாட்டாள். "எங்க கேக்குது? ரூமுலயா, ஸ்பீக்கர்லயா?" என்று கேட்பாள். பாதிப் பேர் முழிப்பார்கள். ஸ்பீக்கரில் 'டப்' என்று வெடித்தால் சுவிட்சைத் திட்டிப் பிரயோஜனமில்லை. உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் வடிய வழியில்லை என்று அர்த்தம். ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்து வடிகால் விட்டால் அடங்கிவிடும். அறையிலேயே 'டொக்' என்று கேட்டால் அது சுவிட்சின் ஸ்பிரிங். அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டு, மெத்தென்று அமுங்கும் பட்டன் ஒன்றும், அதற்குக் கட்டுப்பட்டு இணைப்பை மாற்றிவிடும் குட்டி ரிலே ஒன்றும் வைப்பாள். திருவொற்றியூர் கம்பெனியில் வருஷக்கணக்கில் போர்டுகளுக்கு ஈயம் வைத்த கை. ஒரு வேலைகூடத் திரும்பி வந்ததில்லை.

ஊரான் பெடலையெல்லாம் ஊமையாக்கியவள், தன் வீட்டில் இருந்த ஒரு பெடலை மட்டும் தொடவில்லை. அது அவள் புருஷன் லோகநாதனுடையது.

பகலில் பெயின்ட் அடிக்கப் போவான், சாயங்காலமானால் கச்சேரிக்குக் கிடார் வாசிப்பான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஜன்னலோரம் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோது கிடாரில் ஒரு கம்பி அறுந்தது. பெடலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அணைக்காத எழிலு, கம்பி வாங்கினு தோ வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டி வண்டியை எடுத்தான். காசிமேடு அருகே திரும்பிய கன்டெய்னர் லாரி அவனையும் வண்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

அவள் அணைக்கவில்லை. சாவு வீட்டுக் கூட்டத்துக்கு நடுவிலும் அந்த விளக்கு எரிந்தது. பேட்டரி தீரத் தீர மங்கி, ஒருநாள் தானாகவே போய்விட்டது. கசிந்து பாழாக்கிவிடுமே என்று பேட்டரியை மட்டும் உருவினாள். சுவிட்சின் மேல் விரல் படாமல் பெடலைப் பச்சைக் குழந்தைபோல் தாங்கி, அவன் உட்காரும் ஜன்னலோரத்திலேயே தரையில் வைத்தாள். விளக்கு எரியாவிட்டால் என்ன, சுவிட்ச் அவன் மிதித்த நிலையிலேயே நிற்கிறது. அவன் சொன்ன சொல் காப்பாற்றப்படுகிறது. அது போதும் என்று இருந்தாள்.

அந்தப் பெடலைத்தான் இப்போது மகள் சங்கமித்ரா கேட்டாள். அப்பனைப் போலவே கிடார் பிடித்தவள். ராயபுரத்தில் சின்ன ஸ்டுடியோ ஒன்றில் அவளுக்கு முதல் பாட்டு கிடைத்திருந்தது. நாளைக்குப் பதிவு.

"பாட்றவங்க மைக்கு பக்கத்துலயே கீதும்மா. நான் மிதிச்சா டொக்குனு உள்ள பூந்துடும். அப்பா பெடல்தான் வேணும், அந்த சவுண்டு வேற எதுலயும் வரல. சுவிட்ச மட்டும் மாத்திக் குடு."

"வேற எது வேணாலும் கேளு."

"ஊர்ல கீறவன் பெடலெல்லாம் தொறக்கற. எனக்குன்னா மட்டும் இன்னாம்மா?"

மகள் கேட்டதில் நியாயம் இருந்தது. எழில்மொழி பெடலை எடுத்து மேஜையில் வைத்தாள். பிரிப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு அடாப்டரைச் சொருகினாள்.

விளக்கு எரியவில்லை.

அடாப்டரைச் சோதித்தாள், சரியாக இருந்தது. பின்பக்கத்தைக் கழற்றி விளக்கைத் தனியாகச் சோதித்தாள், பளிச்சென்று எரிந்தது. ஒயர் ஒன்றும் அறுந்திருக்கவில்லை. கடைசியில் மீட்டரின் முனைகளை, சுவிட்ச் அணைந்திருந்தால் மட்டும் ஒன்றோடொன்று இணையும் இரண்டு கம்பிக்கால்களில் வைத்தாள். மீட்டர் கீச்சென்றது. மறுபடி வைத்துப் பார்த்தாள். சந்தேகமேயில்லை, சுவிட்ச் அணைந்த நிலையில் இருந்தது.

"நீ மிதிச்சியாடி?"

"நீதான் கிட்டயே வுட மாட்டியே. தொட்டதே இல்லம்மா, சத்தியமா."

எலி ஏறினாலும், லாரி போய் வீடே அதிர்ந்தாலும் அந்த ஸ்பிரிங் மசியாது. அதற்கு ஒரு காலின் கனம் வேண்டும். இது எழில்மொழியைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் அந்த மத்தியானம் ஞாபகத்துக்கு வந்தது. அவன் போய்ச் சில மாதம் ஆகியிருக்கும். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். எழில்மொழி அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். கையெல்லாம் செதிலும் ரத்தமுமாக இருந்தது. புத்தி பேதலித்துப்போச்சு, இல்லாததெல்லாம் கேட்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுத்த மீனை எடுத்தாள். எழுந்துபோய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தோ வந்துட்றேன் என்றவன் வந்திருக்கிறான். அவள் வரவில்லை என்று தெரிந்து, தானே அணைத்துவிட்டுப் போயிருக்கிறான். எழில்மொழி மேஜையில் தலைவைத்து, சாவன்றுகூட அழாத அழுகையை அழுதாள். சங்கமித்ரா ஒன்றும் புரியாமல் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

அழுது முடித்து, முகம் கழுவி, எழில்மொழி ஈயக்கோலைச் சூடேற்றினாள். பழைய சுவிட்சைப் பிளாஸ்டிக் இளகாமல் பக்குவமாகக் கழற்றினாள். புதுப் பட்டனும் ரிலேயும் வைத்து மூடி, மகளிடம் கொடுத்தாள். சங்கமித்ரா மிதித்துப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது, சத்தமே இல்லை. "சூப்பர்ம்மா!" என்று கட்டிக்கொண்டாள்.

மறுநாள் மகள் ஸ்டுடியோவுக்குக் கிளம்பும்போது, எழில்மொழி ஒரு பலகைத் துண்டில் துளைபோட்டு, ஒயர் எதுவும் இல்லாமல் அந்தப் பழைய சுவிட்சை மட்டும் மாட்டி, ஜன்னலோரம் தரையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுலயும் கனெக்ஷனே குடுக்கல. இது எதுக்கும்மா?"

"உன் பெடலு இனிமே சத்தம் போடாது" என்றாள் எழில்மொழி. "அவரு வந்தா எனக்குத் தெரியணும்ல."