தவிட்டுக்கு வந்த பெயர்

எங்கள் வீட்டு அடுப்படியின் முகட்டு வளையில் கையளவுப் பனையோலைப் பெட்டி ஒன்று தொங்கியது. அதற்குள் ஒரு சுண்டு அளவு தவிடு இருந்தது. அந்தத் தவிடுதான் என் விலை என்றும், அது அங்கே தொங்கும்வரை நான் என்னைப் பெற்றவர்களின் பிள்ளை அல்ல என்றும் எங்கள் குடும்பம் நம்பியது. எனக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் முப்பத்தோராம் நாளைக் காணாமலே போய்விட்டார்கள். நான் பிறந்ததும் அப்பா ஊரில் ஒரு பிள்ளையையும் பறிகொடுக்காத தாயைத் தேடிப் போனார். பனிச்சங்கேணியில் அப்படி ஒருவர்தான் அப்போது இருந்தார். அவருக்கு ஏழு பிள்ளைகள், ஏழும் உயிரோடு.

என்னைப் பின் கதவால் அவரிடம் கொடுத்தார்கள். அவர் தவிட்டைக் கொடுத்து என்னை வாங்கி, காதில் தன் பெயரையே எனக்கும் சொல்லி, முன் வாசலால் வந்து, “இது என்ட புள்ள. வளத்துத் தாங்க” என்று அம்மாவின் மடியில் கிடத்தினாராம். சாவு வந்து இந்த வீட்டுப் பிள்ளையைத் தேடினால் கிடைக்காது. இங்கே கிடப்பது குஞ்சரி, அடுத்த வளவுக்காரி. இது நிரந்தரமான விற்பனை அல்ல. பிள்ளை வளர்ந்து கலியாணம் முடிக்கும் நாளில் தவிட்டுப் பெட்டியை வாங்கியவரின் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் தவிட்டை வாவியில் தூவி, “இனி உங்கட புள்ள” என்று சொல்ல வேண்டும். அதுவரை பிள்ளை அவருடையது.

நான் அவரைப் பெரியம்மா என்று அழைத்தேன். வாவியில் இறால் பிடித்து, காயவைத்து, கூடையில் சுமந்து விற்றவர். அவரது கைகளில் எப்போதும் இறால் கோதின் மணம் இருந்தது. அவரது பெயரின் கதையை அவரே சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவார். தகப்பன் முருகனுக்குக் காவடி எடுத்தவர். முதலில் பிறந்த பெண்ணுக்கு வள்ளி என்று வைத்துவிட்டார். “நல்ல பேர அக்கா கொண்டு போயிற்றா. மிச்சம் கிடந்தது இந்த யானைக்காரிதான். வள்ளியெண்டு கூப்பிட்டா ஊரில பத்துப் பேர் திரும்புவாங்க. குஞ்சரியெண்டு கூப்பிட்டா நானும் நீயும் மட்டுந்தான் மனே.” அதைச் சொல்லும்போது அவருக்கு அது பெரிய சொத்தாக இருந்தது.

எனக்கு அது சொத்தாக இருக்கவில்லை. ஆறாம் வகுப்பில் தமிழ் படிப்பித்த ஆசிரியர் ஒருநாள் இடாப்பில் பெயர் கூப்பிடுவதை நிறுத்தி, குஞ்சரம் என்றால் யானை, குஞ்சரி என்றால் பெண் யானை என்று விளக்கினார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அன்று பின்னேரமே, “யானை வருது, வழிவிடுங்கடி” என்று தொடங்கிவிட்டது. பிறகு யாரோ தவிட்டுக் கதையையும் கொண்டுவந்தார்கள். “தவிடு திண்ட யானை” என்றார்கள். என் வகுப்பில் மூன்று வசந்திகள் இருந்தார்கள். எவ்வளவு பாதுகாப்பான பெயர் என்று நான் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். பதினெட்டு வயதில், ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பிக்கும் முன், சத்தியக் கடதாசி முடித்து, பெயரை மாற்றி நான்காவது வசந்தியானேன்.

பெரியம்மாவிடம் அதைச் சொன்னது அம்மாதான். நான் அருகில் நின்றேன். அவர் இறாலைக் கிளறிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், “வசந்தியா? நல்ல பேர்தானே. வாயில வழுக்கிக்கொண்டு போகுது” என்றார். சிறிது நேரம் கழித்து, “மறுகா, நான் கூப்பிட்டாத் திரும்புவாயா?” என்று கேட்டார். நான் சிரித்தேன். ஓம் என்று சொன்னதாக நினைவில்லை.

என் கலியாணம் நகரத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் படித்தவர்கள், ஒழுங்கான வீடு, ஒழுங்கான பேச்சு. இறால் கூடையோடு நடந்த ஒருவர் மணவறைக்கு முன் வந்து தவிட்டுப் பெட்டி கேட்பதை என்னால் கற்பனை செய்யக்கூட முடியவில்லை. “பெரியம்மாக்குச் சொல்லாம எப்பிடி? பெட்டிய என்ன செய்யிற?” என்று அம்மா கேட்டார். “அது தொங்கிற இடத்திலேயே தொங்கட்டும்” என்றேன். கலியாணத்தன்று அம்மாவின் முகத்தில் இருந்த பயம் பிள்ளையைப் பிரிகிற பயம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

எட்டு மாதத்தின் பின் பெரியம்மா என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அது சோதனைச் சாவடிகளின் காலம். பனிச்சங்கேணியிலிருந்து நகரத்துக்கு வருவதென்றால் பஸ்ஸைவிட்டு இறங்கி, வரிசையில் நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, மீண்டும் ஏற வேண்டும். ஒவ்வொரு சாவடியிலும் அவர் அந்தப் பெயரை எடுத்துக் காட்டித்தான் வந்திருப்பார். ஆசிரியர் அறையின் யன்னலுக்கு நேரே வாசல் படலை. காவலாளியிடம் அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

“குஞ்சரி ரீச்சரக் காணணும் தம்பி.”

“அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லம்மா. ரீச்சர்மார்ட பேரெல்லாம் எனக்குத் தெரியும்.”

“இருக்கா. என்ட புள்ளதான். பேர மாத்தியிருக்கா, என்னமோ… என்ட வாயில வருதில்ல. கலியாணம் முடிஞ்சும் தவிட்டுப் பெட்டி என்ட கைக்கு வரல்ல தம்பி. அது புள்ளைக்கு ஆகாது. நான் வாங்கி வாவியில விட்டாத்தான் அவ சுகமா இருப்பா.”

அறையில் இருந்த ஆசிரியை ஒருவர் எட்டிப் பார்த்து, “யானைய ஆரோ தேடி வந்திருக்கினம்” என்று சிரித்தார். அவர் என்னைக் குறித்துச் சொல்லவில்லை. அவருக்கு என் பழைய பெயர் தெரியாது. நானும் சிரித்தேன். கையில் இருந்த கொப்பிகளைத் திருத்தினேன். மணி அடித்தது. யன்னலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தபோது அவர் மதிலின் நிழலில் குந்தியிருந்தார். அடுத்த மணிக்குப் பார்த்தபோது அங்கே நிழல் மட்டும் இருந்தது. காவலாளி ஒரு கடதாசிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, யாருக்கென்று தெரியவில்லை என்று பொது மேசையில் வைத்தார். இறால் கருவாடு. பிரித்துப் பங்கு போட்டார்கள். என் பங்கை நானும் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன்.

போர் வழியை மறித்தது என்று பின்னர் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழி திறந்த பின்னும் ஐந்து வருடம் நான் போகவில்லை என்பதற்கு அந்தக் காரணம் பொருந்தாது. இதற்கிடையில் அந்தப் பெயரைப் பற்றி, யாருக்கும் சொல்லாமல், தேடத் தொடங்கியிருந்தேன். நிகண்டில் யானையைத் தாண்டி வேறு பொருள் இல்லை. முருகன் துதிகளைப் படித்தபோதுதான் தெய்வானைக்கே அது பெயர் என்று அறிந்தேன். இந்திரன் மகளை வளர்த்தது ஐராவதம் என்ற யானை. அதனால் அவள் குஞ்சரி. பெறாதவர் கையில் வளர்ந்தவள் ஒருத்தியின் பெயரை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், அந்தக் கதையை அறிந்தோ அறியாமலோ, என் காதில் சொல்லியிருக்கிறார். முப்பத்திரண்டு வருடம் இடாப்புக் கூப்பிட்டேன். வள்ளிகள் வந்தார்கள், தெய்வானைகள்கூட வந்தார்கள். ஒரு குஞ்சரியும் வரவில்லை.

அம்மா இறந்தபின் பெட்டி என்னிடம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு பனிச்சங்கேணிக்குப் போனபோது பெரியம்மா இறந்து நான்கு மாதம். மூத்த மகன் வாவிக்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் பெட்டியை நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டாரே தவிர வாங்கவில்லை.

“அம்மாட கையிலதான் குடுக்கணும். இனி ஆரிட்டக் குடுக்கிற, தங்கச்சி?”

பள்ளிக்கூடத்துக்குப் பெரியம்மா வந்த நாளைப் பற்றி நானே தொடங்கினேன். அன்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று ஒரு பொய்யைப் பாதிவரை சொன்னேன். அவர் என்னை நிறுத்தினார்; கோபமாக அல்ல.

“உங்களக் கண்டவ. யன்னலுக்குப் பக்கத்தில நிண்டீங்களாம். ‘புள்ள மெலிஞ்சிருக்கு, வேல கூடவாக்கும்’ எண்டுதான் வந்து சொன்னவ.” வலையின் ஒரு முடிச்சை அவிழ்த்தபடி தொடர்ந்தார். “எத்தின புள்ளையெண்டு ஆரும் கேட்டா, கடைசிவரை எட்டெண்டுதான் சொல்லுவா. நாங்க சண்ட பிடிப்பம், ஏழுதானே எண்டு. ‘ஒண்டு இன்னும் திருப்பிக் குடுக்கல்லடா’ எண்டு சிரிப்பா.”

தவிட்டை வாவியில் நானே தூவியிருக்கலாம். எனக்கு அந்த உரிமை இல்லை. பெட்டியோடு திரும்பி வந்தேன். விடுவிக்கப்படாத பிள்ளைக்கு நன்மை வராது என்று பெரியம்மா அஞ்சினார். நானோ நோய்நொடி இல்லாமல், பிள்ளைகளைப் பறிகொடுக்காமல் இந்த வயதுவரை வந்துவிட்டேன். அந்த நம்பிக்கை பொய் என்பதற்கு இது சான்றாகலாம். அவர் என்னைக் கடைசிவரை கைவிடவில்லை என்பதற்கும் இதுவே சான்றாகலாம்.

போன கிழமை என் பழைய மாணவி ஒருத்தி நிறைமாதத்தோடு வந்திருந்தாள். பெண் பிள்ளையாம். “ஆருக்கும் இல்லாத பேர் ஒண்டு சொல்லுங்க ரீச்சர். போன்ல பாத்துப் பாத்துக் களைச்சுப் போனன்.” குஞ்சரி என்று சொன்னேன். அவள் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். யானைக் கதையைச் சொன்னதும் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள் என்றாள். எழும்பும்போது, “இது ஆருட பேர் ரீச்சர்?” என்று கேட்டாள்.

“என்ட பேர்” என்றேன்.

அவள் போனபின் அலுமாரியைத் திறந்து பெட்டியை எடுத்துப் பார்த்தேன். தவிட்டைப் பூச்சி தின்று, ஓலையின் மடிப்புகளில் கொஞ்சம் பொடி ஒட்டியிருக்கிறது. பெரியம்மாவின் பிள்ளைகளில் இருவர் போரில் போனார்கள், ஒருவர் கடலில். மற்ற நால்வர் பனிச்சங்கேணியில் இருக்கிறார்கள். அவரோடு சேர்ந்து அந்தப் பெயரும் எங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டது என்று சொல்கிறார்கள். எட்டாவதாக ஒருத்தி இன்னும் இருக்கிறாள்.