வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

சம்சுன்னிசாவுக்கு முதுகுவலி என்பது சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி புளோக்கில் பாதிப் பேருக்குத் தெரியும். அவர் சொல்லித் தெரிந்ததல்ல. லிஃப்டுக்குள் அவருக்கு முன்னால் நுழையும் கோடாலித் தைல வாசனை சொல்லிவிடும்.

பள்ளிக்கூட கேன்டீனில் மீ சியாம் நூடுல்ஸ் விற்றே வயதைக் கழித்தவர் அவர். பார்க்கின்சன் நோய் வந்து வலது கை நடுங்கத் தொடங்கியபோதுகூட, "இத்தனை நாள் வாய்தான் ஆடுச்சு, இப்பக் கையும் ஆடுது லா" என்று சிரித்தார். முதுகுவலி வந்துதான் சிரிப்பைப் பறித்தது. குனிய முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து தொழ வேண்டியதாயிற்று. நெற்றி தரையில் படாத சஜ்தா, சாப்பிட்டும் பசி அடங்காத மாதிரி இருந்தது அவருக்கு.

"நாற்காலியில தொழுதாலும் அல்லாஹ் ஏத்துக்குவான், சம்சு" என்றார் கணவர் அப்துல் காதர்.

"அவன் ஏத்துக்குவான். எனக்குத்தான் ஆறல. கண்ணை மூடி மவுத்தாகறதுக்குள்ள என் நெத்தி தரையில படணும்."

வலிக்கு அவர் கண்டுபிடித்த காரணம் வாயு. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முதுகு பலகையாக இறுகியதே, வேறென்ன சாட்சி வேண்டும்? தேக்கா சந்தைக்குப் போய்ப் பூண்டும் பெருங்காயமும் வாங்கியே அப்துல் காதர் ஓய்ந்துபோனார். வீட்டில் பருப்புக்கும் உருளைக்கிழங்குக்கும் தடை. கேலாங் சிராயில் ஒரு மலாய் மாது உருவிவிட்டும் பார்த்தார். வலி அசைந்து கொடுக்கவில்லை.

மருத்துவமனையில் தாதி சாதியாதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"வலி எப்ப ஆன்ட்டி ஜாஸ்தியாகுது?"

"சாப்பிட்டப்புறம். வாயு லா."

"பார்க்கின்சன் மாத்திரை எப்பப் போடுறீங்க?"

"சாப்பிட்டுத்தான்! வெறும் வயித்துல போட்டா வயிறு புண்ணாயிடாதா? ரெண்டு முட்டை, ஒரு மக் பால் டீ, கையோட மாத்திரை."

சாதியா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அந்த முட்டையும் பாலும்தான் ஆன்ட்டி மருந்தை மறிக்குது. மருந்து வேலை செய்யலன்னா தசை இறுகிடும், முதுகு இழுக்கும். டாக்டர்கிட்ட பேசிடலாம்."

எந்த மாத்திரையானாலும் முதலில் சாப்பாடு, பிறகுதான் மாத்திரை. நம் வீடுகளில் இதை மீறியவர் உண்டா? டாக்டர் நேரத்தை மாற்றிக் கொடுத்தார். சாப்பாட்டுக்கு முன்பே மாத்திரை, தண்ணீரோடு. கூடவே உடற்பயிற்சியும். சம்சுன்னிசாவுக்குத் தன் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாவம், வாயுவின் மேல் எத்தனை பழி!

மறுநாள் காலை அப்துல் காதர் தட்டோடு வந்து நின்றார். "ஒரு வாய் தின்னுட்டுப் போடு. குடல் வெந்துடும்."

"தட்டை வச்சிட்டு அந்தப் பக்கம் போங்க."

மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, சம்சுன்னிசா பயிற்சிக்காகச் சுவரில் முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்றார். சோபாவைப் பிடித்து மண்டியிட்டார், எழுந்தார். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார், சில நாள் சாதியாவைத் திட்டிக்கொண்டே செய்தார். செய்யாமல் மட்டும் விடவில்லை. முதுகு மெல்ல இளகியது. வலி ஒரேயடியாகப் போய்விட்டது என்றால் அது பொய். நடுக்கமும் போகவில்லை. ஆனால் மருந்து வேலை செய்யும் நேரத்தில் முதுகு சொன்ன பேச்சுக் கேட்டது.

ஒரு நாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குத் தரையில் பாயை விரித்தார். அப்துல் காதர் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். சஜ்தாவுக்காக சோபாவைப் பிடித்து முட்டியை ஊன்றினார் சம்சுன்னிசா. பிறகு நடுங்கும் உள்ளங்கைகள். பிறகு நெற்றி.

கடைசி சஜ்தாவில் அவர் எழவே இல்லை. தூக்குவதா, தொடக்கூடாதா என்று தெரியாமல் அப்துல் காதர் இரண்டு கைகளையும் நீட்டியபடி தவித்தார். ஒருவழியாக நிமிர்ந்து, உட்கார்ந்து ஓதி, சலாம் கொடுத்து முடித்துத்தான் சம்சுன்னிசா திரும்பினார். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"எந்திரிக்க முடியலையோன்னு பயந்துட்டேன், சம்சு."

"முடியாம இல்லங்க. எந்திரிக்க மனசு வரல."