கிவாஸ் மூலையில் தகுதிநீக்கம் கிடையாது

என் மனைவியின் அண்ணன் அல்ஃபோன்சோ கிவாஸைப் பற்றி, பிலிப்பைன்ஸ் மலையூரான எங்கள் லா த்ரினிடாடில் யாரைக் கேட்டாலும் ஒரே பெருமையைத்தான் சொல்வார்கள். பத்தொன்பது வருடமாகக் கூண்டுச் சண்டைக்கு ஆட்களைத் தயார் செய்து அனுப்பியவர். அவர்களில் ஒருவன்கூட விதி மீறித் தகுதிநீக்கம் ஆனதில்லை. அவரே சொல்லிச் சொல்லித்தான் இது ஊருக்கு மனப்பாடம் ஆனது என்பது வேறு விஷயம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை எங்கள் மானோங். அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

பகலில் மலைத் தோட்டங்களிலிருந்து சந்தைக்கு முட்டைக்கோஸ் லாரி ஓட்டுவார். மாலையில் சந்தைக்குப் பின்னால் உள்ள கிடங்கில் பயிற்சி. அடிக்கக் கற்றுக்கொடுப்பதைவிட, எப்படி அடிக்கக் கூடாது என்று கற்றுக்கொடுப்பதில்தான் அவருக்கு ருசி. கூண்டின் வலையைப் பிடித்தால் விரலில் பிரம்படி விழும். முழங்காலைத் தூக்குமுன் எதிராளி மண்டியிட்டிருக்கிறானா என்று பார்த்தாக வேண்டும். மண்டியிட்டவன் தலையில் முழங்கால் பட்டால் கதை முடிந்தது. சண்டை நாளன்று அவனவன் நகத்தை அவரே வெட்டுவார். முகத்தில் வாஸ்லின் களிம்பு கூடிப்போனால் தன் சட்டைக் கையாலேயே துடைப்பார். கூண்டுக்கு வெளியே எங்கள் மூலையில் வாளியும் முக்காலியும் தூக்குவது என் வேலை. “சண்டை நடக்கறப்ப உன் கால் கூண்டுக்குள்ள பட்டுச்சுன்னா நம்மாளுதான் அவுட்டு” என்று என்னையும் விட்டுவைக்க மாட்டார்.

விதிப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கத்தைத்தான் அவர் கிண்டல் செய்தார். வேண்டுமென்றே விதி மீறி அடிக்கப்பட்டவன், இனி என்னால் முடியாது என்று சொல்லிவிட்டால், அடித்தவன் தகுதிநீக்கம், அடிபட்டவனுக்கு வெற்றி. பல வருடம் முன்பு எங்கள் ஊர்க் காய்டோ அப்படித்தான் ஒரு சண்டையை ஜெயித்தான். எழுந்திருக்கவே முடியாமல்தான் கிடந்தான், பாவம். ஆனால் ஜெயித்தவன் வீட்டில் பன்றி அடித்து ஊரைக் கூப்பிடும் வழக்கப்படி அவன் கூப்பிட்டபோது, சாப்பிட ஆறு பேர்கூட வரவில்லை. அவனுக்குத் ‘தலையணை’ என்று பெயர் வைத்தார்கள். வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? மானோங்தான். அந்தப் பெயரின் வெட்கம் தாங்காமல் காய்டோ மணிலாவுக்கே போய்விட்டான். கிடங்கில் யாராவது அடி வாங்கிச் சுருண்டால், “என்ன, தலையணை எடுத்துட்டு வரட்டுமா?” என்பார் மானோங். எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

அந்தக் கிடங்கில் வளர்ந்தவன்தான் டெல்வின் பாசிவட். அவனும் மனைவி ரோவேனாவும் மலைச் சரிவில் அடுத்தவர் தோட்டத்தில் சாமந்தி பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். தாவோ ஊர் அபேயாவுடன் அவனுக்குச் சண்டை ஏற்பாடானது. ஜெயித்தவனுக்கு சிங்கப்பூரில் மூன்று வருட ஒப்பந்தம். தோற்பவன் யாரானாலும் அவனுக்கு வயது இருபத்தெட்டு. இன்னொரு வாய்ப்பு வராது. இருவருக்கும் அதே வயது.

எங்கள் ஊர் அரங்கத்திலேயே நடந்தது. முதல் சுற்று டெல்வினுடையது. இரண்டாம் சுற்றில் டெல்வின் அபேயாவின் காலைப் பிடித்து இழுக்கப் போய் இரண்டு முழங்காலும் தரையில் பட மண்டியிட்டிருந்தான். அபேயா முழங்காலைத் தூக்கி அவன் தலையில் இடித்தான். அந்தச் சத்தம் எங்கள் மூலைவரை கேட்டது.

நடுவர் பாய்ந்து விலக்கினார். வேண்டுமென்றே அடித்தது என்று கையைக் காட்டினார். ஐந்து நிமிட அவகாசம். மருத்துவர் உள்ளே போய்க் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, அவனையே கேளுங்கள் என்று சொல்லிவிட்டார். முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிங்கப்பூர் டெல்வினுக்கு. எதிர் மூலையில் அபேயா முகத்தை மூடிக்கொண்டு குந்தியிருந்தான்.

டெல்வின் எங்கள் பக்கம் திரும்பினான். ஆனால் அவன் பார்த்தது மானோங்கை அல்ல, அவருக்கு ஒரு முழம் தள்ளி யாருமில்லாத இடத்தை. அதை நான் கண்டேன். மானோங்கும் கண்டார்.

“படுக்கச் சொல்லுங்க மானோங்” என்றேன் மெதுவாக.

உள்ளே போகத்தான் எங்களுக்குத் தடை. வெளியிலிருந்து சொல்ல எந்தத் தடையும் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பின்னால் இருந்து எவனோ, “தலையணை வேணுமாடா?” என்று கத்தினான். அரங்கமே சிரித்தது. மானோங்கின் காது சிவந்தது. துண்டை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வாய் திறக்கவில்லை. எனக்கும் வாய் இருந்தது. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சிரிப்பு டெல்வினுக்குக் கேட்டிருக்க வேண்டும். வலையைப் பிடிக்காமல், விதிப்படி, தரையில் கையூன்றி எழுந்து நின்றான். தொடர முடியுமா என்று நடுவர் கேட்டதற்குத் தலையாட்டினான். அரங்கம் அதிர்ந்தது, என்னைச் சுற்றி ஆண்கள் அழுதார்கள். அபேயாவுக்கு இரண்டு புள்ளி குறைத்தார்கள், அவ்வளவுதான்.

சண்டை மறுபடி தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நெற்றிப் பொட்டில் அபேயாவின் ஓர் இடதுகைக் குத்து. பலமான குத்துகூட இல்லை. விழுந்தவன் எழவில்லை.

மூளைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. பக்கத்து நகரம் பாகியோவின் ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தான். வலது பக்கம் வரவில்லை, பேச்சு குழறுகிறது, ரோவேனாவைச் சில நாள் அக்கா என்று கூப்பிடுகிறான். முதல் மாதம் ஊரே திரண்டு வந்தது, அவன் எழுந்து நின்றதைப் பேசிப் பேசி மாய்ந்தது. பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அபேயா சிங்கப்பூர் போனான். போகுமுன் ஒரு நாள் துரியான் மிட்டாய்ப் பெட்டியோடு வந்து, இவர் எழுந்து நின்றதால்தான் எனக்கு வாழ்க்கை கிடைத்தது என்று அழுதான். ரோவேனா பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

மானோங் கிடங்கைப் பூட்டிவிட்டார். ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் டெல்வினைப் பார்க்கப் போகிறோம். போன மாதம் ரோவேனா கஞ்சி ஊட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

“அன்னைக்கு அவருக்குக் கண்ணு நிலைக்கலைன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா மானோங்?”

பொய் சொல்வார் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை.

“தெரிஞ்சுது.”

“படுத்துக்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிருக்கும்?”

“ஊரு சிரிக்கும்னு நெனச்சேம்மா.”

அவள் டெல்வினின் வாயைத் துடைத்தாள். அவன் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தான்.

“அந்த ஊரை வரச் சொல்லுங்க. இவரைத் தூக்கி உக்கார வைக்கணும்.”

மானோங் எழுந்தார், நானும் எழுந்தேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்து டெல்வினைத் தூக்கி உட்கார வைத்தோம்.